மூன்று மைல் தூரம்

(பட்டிமன்றத் தலைப்பு: மனிதனைப் பெரிதும் வாட்டுவது வறுமையா? பிரிவா? – ‘பிரிவே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

    

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் ரொம்ப உணர்ச்சியோடு பேசினார். வயிறு நிறைஞ்சவனுக்குத்தான் பிரிவுத் துயரம், பசிச்சவனுக்குச் சோறுதான் காதலி, சோறுதான் சொந்த ஊர் அப்படின்னார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நன்றாகச் சொன்னால் தட்ட வேண்டியதுதானே? ஆனால் போகிற போக்கிலே ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆங்கிலக் கவிஞன் ஜான் கிளேர், கூலிக்காரன், வறுமை அவனைப் பைத்தியமாக்கி மனநோய் விடுதியிலே கொண்டு போய்ச் சேர்த்தது என்று ஒரே மூச்சிலே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, நான் வேறு சாட்சி கொண்டுவந்திருந்தேன். கையிலே குறிப்பெல்லாம் இருக்கிறது. அதை மடித்துப் பையிலே வைத்துவிட்டேன். எதிரணி கொண்டுவந்த அதே சாட்சியையே நான் விசாரிக்கப் போகிறேன். (கைதட்டல்) தமிழ் வாத்தியாருக்கு இங்கிலீஷ்காரனோடு என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். வயலையும் வரப்பையும் பாடியவன் எந்த மொழிக்காரனாக இருந்தாலும் எனக்கு உறவுக்காரன்தான்.

இங்கிலாந்திலே நார்த்தாம்ப்டன்ஷயர் என்று ஒரு மாவட்டம். அந்தக் காலத்திலே அதைச் சேர்ந்தது ஹெல்ப்ஸ்டன் என்ற ஒரு சின்னக் கிராமம். 1793-ஆம் வருஷம் ஜூலை 13-ஆம் தேதி அங்கே ஜான் கிளேர் பிறக்கிறார். இரட்டைப் பிள்ளை. கூடப் பிறந்த பெண் குழந்தை சில வாரத்திலேயே போய்விட்டது. அப்பா பார்க்கர் கிளேர், களத்திலே கதிரடிக்கிற கூலி. ஆனால் நூற்றுக்கு மேலே நாட்டுப்பாட்டு மனப்பாடம். அம்மாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது. பையன் சின்னவன், உடம்பிலே வலு இல்லை. அதனாலே அப்பா, கதிரடிக்கிற கோல் ஒன்றைப் பையன் கைக்குத் தகுந்த மாதிரி லேசாகச் செய்து கொடுக்கிறார். பள்ளிக்கூடப் பையனுக்குப் பேனா வாங்கித் தருகிற மாதிரி! சில மாதம் கூலி வேலை, சில மாதம் பள்ளிக்கூடம். பன்னிரண்டு வயதோடு அந்தப் பள்ளிக்கூடமும் முடிந்துபோயிற்று.

வறுமை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். வறுமை வாசல்படியிலே இல்லை, வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தது. ஆனால் அந்த வறுமை அவரை என்ன செய்தது? அதுதான் கேள்வி.

பதின்மூன்று வயதிருக்கும். ஜேம்ஸ் தாம்சன் எழுதிய ‘பருவங்கள்’ என்ற கவிதை நூல் ஒருத்தர் கையிலே இருப்பதைப் பார்க்கிறார். அதே மாதிரி ஒன்று வேண்டும். ஸ்டாம்ஃபோர்டு என்ற டவுனிலே கிடைக்கும். விலை ஒன்றரை ஷில்லிங். எப்படியோ காசு சேர்க்கிறார். ஆனால் வேலை இருக்கிறதே, குதிரை மேய்க்கிற வேலை? கூட மேய்க்கிற பையன் ஒருவனுக்கு ஒரு பென்னி கொடுக்கிறார், என் குதிரையையும் நீயே பார்த்துக்கொள் என்று. அப்புறம் இன்னொரு பென்னி கொடுக்கிறார். அது எதற்கு? யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்கு! (சிரிப்பு) வாய்ப்பூட்டுக்கும் கூலி கொடுத்துவிட்டு விடியற்காலையிலேயே ஓடினால், கடை திறக்கவில்லை. காத்திருந்து வாங்குகிறார். திரும்பி வருகிற வழியிலே பர்லி மாளிகையின் பெரிய பூங்கா. வீதியிலே உட்கார்ந்து படித்தால் யாராவது சிரிப்பார்கள் என்று மதிலேறிக் குதித்து, உள்ளே புல்லிலே உட்கார்ந்து படிக்கிறார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே கவிதை கட்ட ஆரம்பித்துவிட்டார்.

எழுதியதைச் சுவர்ப் பொந்திலே ஒளித்து வைப்பார். அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது, பையன் எழுத்துப் பழகுகிறான் போல என்று எடுத்து அடுப்புப் பற்றவைத்துவிடுவாள். உலக இலக்கியத்திலே முதல் விமர்சகர் இப்படிக் கிடைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்! (சிரிப்பு) இன்னொன்றும் செய்வார். தான் எழுதியதையே அச்சுப் புத்தகத்திலே யாரோ எழுதியது மாதிரி அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். அவர்கள் எந்த இடத்திலே சிரிக்கிறார்கள், எது புரியவில்லை என்று கவனித்து அதைத் திருத்துவார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கவிதைப் பட்டறை கிடையாது.

இதெல்லாம் எப்போது நடந்தது? வறுமை இருந்தபோதுதான். சுண்ணாம்புக் காளவாயிலே வேலை செய்தார், தோட்ட வேலை செய்தார், சாராயக் கடையிலே எடுபிடி வேலை செய்தார். எழுதிக்கொண்டே இருந்தார். எதிரணி நண்பரே, நீங்கள் சொன்ன வறுமை அவர் கையைக் காய்ப்பாக்கியது. கலைத்துப் போடவில்லை.

கலைத்துப் போட்டது எது? சொல்கிறேன்.

அந்த ஊரிலே பெரிய பெரிய திறந்த வயல்கள். நடுவிலே வேலி கிடையாது. அதை ஒட்டி ஊர்ப் பொதுநிலம். நாம் மேய்ச்சல் புறம்போக்கு என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. ஏழையும் ஒரு மாட்டை ஓட்டிவிடலாம், சுள்ளி பொறுக்கலாம், குறுக்கே நடந்து போகலாம். 1809-லே பார்லிமெண்ட் அந்தப் பகுதிக்கு ஒரு சட்டம் போடுகிறது. நிலத்தையெல்லாம் அளந்து, பங்கு பிரித்து, வேலி போட வேண்டும். 1820 வரைக்கும் அந்த வேலை நடக்கிறது. ஓடையைத் திருப்பினார்கள். மரங்களை வெட்டினார்கள். பாதைகளை மறித்தார்கள். உள்ளே வராதே என்று பலகை மாட்டினார்கள். அவர் ஊரைவிட்டு ஓர் அடி நகரவில்லை, ஊர்தான் அவரைவிட்டுப் போய்விட்டது! (கைதட்டல்)

இதிலே ஒரு கொடுமை. வேலி போடுகிற அந்தக் கூலி வேலைக்கே கிளேரும் போயிருக்கிறார். வேறு வேலை ஏது? தான் ஓடித் திரிந்த நிலத்துக்குத் தன் கையாலேயே வேலி நடுகிறான். உங்கள் வறுமை அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து எதைப் பற்றி எழுதினான்? கூலி குறைச்சல் என்றா? இல்லை. போன நிலத்தைப் பற்றி எழுதினான். ‘சுவார்டி வெல்’ என்று ஒரு இடம். அந்த நிலமே வாய் திறந்து தன் கதையைச் சொல்கிற மாதிரி ஒரு கவிதை. ஊர்த் தர்மத்திலே காலந்தள்ளுகிற ஏழை எப்படிக் கேட்பானோ, அப்படி அந்த மண் நியாயம் கேட்கிறது. பிற்காலத்திலே அந்த இடம் கல் வெட்டுகிற குழியாகி, குப்பை கொட்டுகிற இடமாகி, இன்றைக்கு இயற்கைக் காப்பிடமாக இருக்கிறது. இருநூறு வருஷம் கழித்து அந்த நிலத்தின் மனு ஏற்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, புகழ் வந்ததா? வந்தது. 1820-லே முதல் புத்தகம். லண்டனிலே ஜான் டெய்லர் பதிப்பிக்கிறார். கீட்ஸுக்கும் அவர்தான் பதிப்பாளர். கிளேரின் புத்தகம் ஓராண்டுக்குள்ளே நாலு பதிப்பு! அன்றைக்குக் கீட்ஸ் புத்தகம் அந்த அளவு விற்கவில்லை. லண்டனுக்குப் போகிறார். பச்சைப் பசேலென்று ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு சார்லஸ் லாம் முதலான எழுத்தாளர்களோடு விருந்து சாப்பிடுகிறார். பிரபுக்கள் சேர்ந்து நிதி திரட்டி, வருஷத்துக்கு 45 பவுண்டு போல வருகிற மாதிரி ஏற்பாடு செய்கிறார்கள். கல்யாணமும் அதே வருஷம்.

ஆனால் அந்தப் புகழ் இருக்கிறதே, அது ஒரு வேடிக்கை. குடியானவக் கவிஞனைப் பார்க்க வேண்டும் என்று வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வயலிலே வேலை செய்கிற மனுஷனைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரவேண்டும். பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அரை நாள் கூலி போச்சு! (சிரிப்பு) உதவி செய்த பிரபு ஒருவர், ராட்ஸ்டாக் என்று பெயர், கவிதையிலே பணக்காரர்களைச் சாடுகிற வரிகளை எடுத்துவிடச் சொன்னார். மறுபதிப்பிலே எடுத்தும்விட்டார்கள். அவர் ஊர்ச் சொற்களையும் பதிப்பாளர் விட்டுவைக்கவில்லை. நத்தை ஓட்டுக்கு அவர் ஊரிலே ‘பூட்டி’ என்பார்கள். தேங்கின தண்ணீருக்கு ‘பட்ஜ்’ என்பார்கள். அப்படிப்பட்ட சொல்லையெல்லாம் பல இடத்திலே மாற்றி, காற்புள்ளி அரைப்புள்ளி போட்டு, இலக்கணம் திருத்தி வெளியிட்டார்கள். கிளேர் கோபத்திலே இலக்கணத்தைக் கொடுங்கோல் ஆட்சியோடு ஒப்பிட்டுக் கடிதம் எழுதினார். முப்பது வருஷமாக இலக்கணம் நடத்துகிறவன் நான், எனக்கே அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது கொஞ்சம் உள்ளே உறுத்தத்தான் செய்தது. (சிரிப்பு)

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நடுவர் அவர்கள் மணியைத் தொட்டுப் பார்க்கிறார்கள், அது எனக்குத் தெரிகிறது. (சிரிப்பு) 1832. பிள்ளைகள் பெருகிவிட்டன, வீடு போதவில்லை. ஃபிட்ஸ்வில்லியம் என்கிற பிரபு நார்த்பரோ என்ற ஊரிலே வீடு கொடுக்கிறார். பழைய வீட்டைவிடப் பெரிய வீடு. தோட்டம் உண்டு, பழ மரம் உண்டு, மாடு வைத்துக்கொள்ள நிலம் உண்டு. எதிரணி நண்பர்களே, கவனியுங்கள். வறுமைதான் நோய் என்றால் மருந்து வந்துவிட்டது! ஆள் தெளிய வேண்டும், இல்லையா?

தெளியவில்லை. உடைந்து போனார்.

நார்த்பரோ எங்கே இருக்கிறது? வெளிநாட்டிலா? ஹெல்ப்ஸ்டனிலிருந்து மூன்று மைல்! நடந்தே போய்விடலாம். மூன்று மைல் ஒரு பிரிவா என்று நீங்கள் சிரிக்கலாம். கிளேருக்கு அது பிரிவுதான். ஏன் என்பதற்கு அவர் சின்ன வயதுக் கதை ஒன்று சொல்ல வேண்டும். அவரே எழுதி வைத்திருக்கிறார். குழந்தையாக இருக்கும்போது, வானம் தரையைத் தொடுகிறதே, அதுதான் உலகத்தின் ஓரம், ஒரு நாள் நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்து, காலையிலே கிளம்பிவிட்டார். எமன்சேல்ஸ் என்ற புதர்க்காட்டு வெளியைத் தாண்டிப் போகிறார், போகிறார். ஒரு கட்டத்திலே, தெரிந்த இடமெல்லாம் பின்னாலே போய்விட்டது. அங்கேயிருக்கிற பூவுக்கும் பறவைக்கும் தன்னை யாரென்றே தெரியாத மாதிரி அந்தப் பிள்ளைக்குத் தோன்றுகிறது. கவனியுங்கள், இடத்தை எனக்குத் தெரியவில்லை என்று நினைக்கவில்லை, இடத்துக்கு என்னைத் தெரியவில்லை என்று நினைக்கிறான்! பொழுது சாய்ந்து வீடு திரும்பினால், காணோமென்று எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைதான் நாற்பது வயதை நெருங்கும்போது வண்டியிலே சாமான் ஏற்றி நார்த்பரோவுக்குப் போகிறது. குறிப்பிட்ட புதரிலே குறிப்பிட்ட பறவை வருஷா வருஷம் எங்கே கூடு கட்டும் என்று தெரிந்து வைத்திருந்தவர் அவர். நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளைக் கண்ணாலே பார்த்து எழுதியவர். அவர் மாவட்டத்திலே சில பறவைகளைப் பற்றிய முதல் பதிவே அவருடைய எழுத்துத்தான். இராக்குயில் கூட்டைப் பார்க்கத் தரையிலே ஊர்ந்து போய், பார்த்துவிட்டு, தொடாமல் திரும்புகிறவர். கீட்ஸ் போன்றவர்கள் இயற்கையைக் கற்பனையிலே பார்த்து எழுதுகிறார்கள், நேரிலே பார்த்து எழுதவில்லை என்று அவருக்கு ஒரு குறையே உண்டு. அப்படிப்பட்டவரை மூன்று மைல் தள்ளி வைத்தால் அந்தக் கண்ணையே பிடுங்கின மாதிரி. அந்த வீடு மாறியதைப் பற்றி எழுதின கவிதையிலே, புது இடத்திலே முளைத்திருக்கிற ஒரு சாதாரணக் களைச் செடியைப் பார்த்து, பழைய ஊர்க்காரன் ஒருவனைச் சந்தையிலே பார்த்துவிட்ட மாதிரி அவ்வளவு சந்தோஷப்படுகிறார். படித்தால் கண் கலங்கும்.

ஐந்து வருஷம். மனம் தடுமாறுகிறது. பைரன் நான்தான் என்கிற நினைப்பெல்லாம் போகப் போக வந்தது. இந்த நோய்க்கு மருத்துவர்கள் இன்றைக்கு என்ன பெயர் வைப்பார்களோ, அது என் பாடம் இல்லை. புத்தகங்கள் விற்காமல் போனதும் உண்மை, கடன் இருந்ததும் உண்மை. அதை மறைத்து ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. 1837-லே எசெக்ஸிலே ஹை பீச் என்ற இடத்திலே இருந்த மனநோய் விடுதிக்கு அனுப்புகிறார்கள். டாக்டர் மாத்யூ ஆலன், நல்ல மனுஷன். அங்கே சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, காட்டிலே உலாவ அனுமதி உண்டு. நாலு வருஷம் இருந்தார். 1841 ஜூலை 20-ஆம் தேதி, ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

ஊருக்கு. 80 மைல். கையிலே காசு கிடையாது.

முதல் ராத்திரி ஒரு கொட்டகையிலே தீவனப் புல் கட்டின்மேலே படுக்கிறார். தலையை வடக்குப் பக்கம் வைத்துப் படுக்கிறார். ஏன்? காலையிலே எழுந்ததும் ஊர் எந்தத் திசை என்று தெரிய வேண்டுமே! புத்தி பேதலித்தவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், ஊர்த் திசை பேதலிக்கவில்லை. (நீண்ட கைதட்டல்) பிய்ந்த செருப்பு, நொண்டிக்கொண்டே நடக்கிறார். குதிரைமேல் போன ஒருவன் வேலையற்ற கூலி என்று நினைத்து ஒரு பென்னியை வீசுகிறான். மூன்றாவது நாள் பசி தாங்காமல் பாதையோரத்துப் புல்லைப் பிடுங்கித் தின்கிறார். ரொட்டி மாதிரி இருந்தது என்று பிறகு எழுதினார்.

எதிரணி நண்பர் இப்போது எழுந்து, பார்த்தீர்களா பசி என்பார். ஐயா, மூன்று வேளைச் சோறு போட்ட இடத்தை விட்டுவிட்டல்லவா அந்தப் புல்லைத் தின்றார்! வயிறு ஒரு பக்கம் இழுக்கிறது, ஊர் ஒரு பக்கம் இழுக்கிறது. எது ஜெயித்தது? (கைதட்டல்)

யாரைத் தேடிப் போனார்? மேரி ஜாய்ஸ். கிளிண்டன் பள்ளிக்கூடத்திலே சின்ன வயதிலே பழகின பெண். அவள் அப்பா வசதியான விவசாயி. இவர் கூலிக்காரன் மகன். அந்தப் பழக்கம் வெகு காலத்துக்கு முன்னாலேயே அறுந்துபோயிற்று. அறுத்தது வறுமைதானே என்று கேட்பீர்கள். சரி, அறுத்த கத்தி வறுமையாகவே இருக்கட்டும். இருபத்தைந்து வருஷம் கழித்தும் ரத்தம் வந்துகொண்டிருந்தது எதனாலே? மேரிதான் தன் முதல் மனைவி, வீட்டிலே காத்திருக்கிறாள் என்று நம்பிக்கொண்டே நடந்தார்.

ஊர் நெருங்குகிற இடத்திலே ஒரு வண்டி எதிரே வருகிறது. அதிலிருந்து ஒரு பெண் குதித்து இறங்கி இவர் கையைப் பிடிக்கிறாள். இவருக்கு யாரென்று தெரியவில்லை. குடித்திருக்கிறாள் போல, இல்லையென்றால் பைத்தியம் போல என்று நினைக்கிறார். கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள், உன் மனைவி பாட்டி என்று. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். வேலை வேலை என்று உழைத்துத் தேய்ந்தவள். புருஷனைக் காணோமென்று ஓடிவந்தவளைப் புருஷனுக்கு அடையாளம் தெரியவில்லை. தாய்மார்களே, கிளேரின் துயரத்தை எழுதின புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அந்த வண்டியிலே திரும்பிப் போன அந்த அம்மாவின் துயரத்தை யார் எழுதினார்கள்? அதுவும் எங்கள் அணிச் சாட்சிதான் நடுவர் அவர்களே.

வீட்டுக்குப் போனதும் சொல்கிறார்கள், மேரி இறந்துபோனாள் என்று. மூன்று வருஷத்துக்கு முன்னாலே, 1838-லே, தீ விபத்திலே. கல்யாணமே செய்துகொள்ளாமல் இறந்திருக்கிறாள். கிளேர் நம்பவில்லை. கடைசி வரைக்கும் அவளுக்குக் கவிதை எழுதிக்கொண்டிருந்தார்.

அதே வருஷம் டிசம்பரிலே நார்த்தாம்ப்டன் மனநோய் விடுதி. சேர்க்கும்போது டாக்டர் எழுதுகிற படிவத்திலே, நோய் வருவதற்கு முன்னாலே மனத்துக்கு ஏதாவது கடும் உழைப்பு உண்டா என்று கேள்வி. பல வருஷமாகக் கவிதை எழுதுகிற பழக்கம் உண்டு என்ற பொருளிலே பதில் எழுதியிருக்கிறார்கள். கவிதை ஒரு வியாதி! அந்தக் கணக்கிலே பார்த்தால் இந்த மேடையிலே இருக்கிற ஏழு பேருக்கும் இன்றைக்கே அட்மிஷன் போட்டுவிடலாம். (சிரிப்பு)

இருபத்திரண்டு வருஷத்துக்கு மேலே அங்கே இருந்தார். கொடுமைப்படுத்தவில்லை. டவுனுக்குள்ளே போய் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்து முன்மண்டபத்திலே உட்கார்ந்திருப்பார். யாராவது புகையிலை கொடுத்தால் கவிதை எழுதிக் கொடுப்பார். விடுதி நிர்வாகி நைட் என்பவர் அவர் சொல்வதையும் கிறுக்குவதையும் பொறுமையாகப் படியெடுத்து வைத்தார். ‘நான் இருக்கிறேன்’ என்ற பொருள்படுகிற அவருடைய மிகப் புகழ்பெற்ற கவிதை அப்படிக் கிடைத்ததுதான். அங்கே வாடகை இல்லை, கடன்காரன் இல்லை, செலவைப் பிரபு கட்டினார். இருந்தும் அவர் பாடியதெல்லாம் கைவிட்டுப்போன மனிதர்களையும் இடங்களையும்தான்.

1864 மே 20. எழுபது வயதிலே அங்கேயே இறந்தார். உயிரோடு இருந்தவரை அனுப்பாத ஊருக்கு, உயிர் போன பிறகு ரயிலிலே கொண்டுபோனார்கள். ஹெல்ப்ஸ்டன் தேவாலய வளாகத்திலே தாய் தகப்பனுக்குப் பக்கத்திலே அடக்கம். 1989-லே லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே பெரிய கவிஞர்களுக்கு நடுவே அவருக்கும் ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். வைக்கட்டும், நல்லதுதான். 2005-லே அவர் பிறந்த குடிசையை ஒரு அறக்கட்டளை வாங்கியது, அதுவும் நல்லதுதான்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடித்துவிட்டேன் ஐயா, ஒரே ஒரு செய்தி. அந்த ஊரிலே பழைய வழக்கம் ஒன்று. கோடை நடுவிலே, புல்லோடு மண்ணைச் சதுரமாகப் பெயர்த்தெடுத்து, அதிலே வயல் பூக்களைச் செருகி, திண்டு மாதிரி செய்து குடிசையிலே வைப்பார்கள். கிளேர் தன் புத்தகம் ஒன்றுக்கு அதையே பெயராக வைக்க ஆசைப்பட்டார். அவர் காலத்திலே அந்தப் பெயரிலே வரவில்லை, 1979-லேதான் வந்தது. இப்போது வருஷா வருஷம் ஜூலையிலே, அவர் பிறந்த நாளை ஒட்டி, ஹெல்ப்ஸ்டன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பூத்திண்டுகளைச் செய்து எடுத்துக்கொண்டு வரிசையாக வந்து அவர் கல்லறையைச் சுற்றி வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பெயர், ஜான் கிளேர் தொடக்கப் பள்ளி.

எதிரணி நண்பருக்குச் சாட்சியைக் கடன் கொடுத்ததற்கு நன்றி சொல்லி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)